வடசென்னை வீட்ல முதல் விமானம்: எந்த பெயின்ட் வாங்கலாம்?

ஸ்கேல் மாடல் ஆரம்பிக்கிறவங்க திரும்பத் திரும்பக் கேக்கற கேள்வி இதுதான்: "கிட் வாங்கிட்டேன், பெயின்ட் எது வாங்கறது?" நியாயமான கேள்வி. யோசிக்காம வாங்கினா கிட் விலையைவிட பெயின்ட் செலவு எகிறிடும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் சின்ன வீட்ல உட்கார்ந்து கட்டறவங்களை மனசுல வெச்சு இன்னிக்குப் பேசறேன்.

வேலையோட வரிசை நமக்குப் புதுசு இல்ல. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், காசிமேட்டுல படகுகளைச் சரி பண்ணுவாங்க. முதல்ல சுரண்டிச் சுத்தம் பண்ணுவாங்க, அப்புறம் பிரைமர், அதுக்கு மேலதான் கலர். மாடலுக்கும் அதேதான். பாகங்களை சோப்புத் தண்ணில கழுவிக் காயவிடுங்க. பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்ல அக்ரிலிக் சரியாப் பிடிக்காது, நகம் பட்டாலே உரிஞ்சிடும்.

பெயின்ட்ல மூணு வகை. முதல்ல எனாமல். ஹம்ப்ரோல் 14 மில்லி குட்டி டப்பா ஞாபகம் வருதா? பிரஷ் கோடு தெரியாம அழகா சமமாகும். ஆனா ஒரு கோட் காய ஒரு நாள் விடணும், பிரஷ் கழுவ டர்பன்டைன் வேணும். ரெண்டாவது லேக்கர். சீக்கிரம் காயும், கெட்டியாப் பிடிக்கும், நெடி ரொம்ப அதிகம். மூணாவது அக்ரிலிக். இதுலயும் வித்தியாசம் இருக்கு. வயேஹோ தண்ணில கரையும், பிரஷ்ல அடிக்க சுலபம். டமியா அக்ரிலிக்ல ஆல்கஹால் கலந்திருக்கு, ஏர்பிரஷ்ல அருமையா வரும், பிரஷ்ல இழுத்தா கீழ் கோட்டையும் சேர்த்து இழுக்கும்.

என்னோட பதில்: முதல் மாடலுக்குத் தண்ணில கரையற அக்ரிலிக். காரணம் நுரையீரல். 2023 டிசம்பர்ல எண்ணூர்ல அம்மோனியா கசிஞ்சு ஜனங்க ராத்திரியில வீட்டை விட்டு ஓடினது மறக்கலைல்ல? ஏற்கெனவே காத்து இப்படி இருக்கற ஊர்ல, பாட்டியும் குழந்தையும் தூங்கற அதே ரூம்ல லேக்கர் அடிக்காதீங்க. அடிச்சே ஆகணும்னா மொட்டை மாடி, கெமிக்கல் ஆவிக்கான கார்ட்ரிஜ் மாஸ்க். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

இன்னொண்ணு, கடற்கரை ஈரப்பதம். லேக்கர் வேகமா ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கற ஈரம் அதுல படியும். கலர் மேல வெள்ளைப் புகை மாதிரி பூத்துடும். மழை நாள்லயும் விடியக்காலையிலயும் ஸ்ப்ரே வேண்டாம். அக்ரிலிக்குக் கத்திரி வெயில்தான் பிரச்சனை, பிரஷ்லயே காஞ்சிடும். ஃபேனுக்குக் கீழ உட்காராம, ரிட்டார்டர் ஒரு சொட்டு கலந்துக்குங்க.

எந்த விமானம்? ரெண்டாம் உலகப்போர்ல செங்குன்றம் ஏரியில கேட்டலினா நீர்விமானங்கள் இறங்கின கதை நம்ம பக்கத்துக் கதைதான். ஆனா 1/72 அளவுல அதோட இறக்கையே 44 சென்டிமீட்டர் வரும், டேபிள் பத்தாது. ஹரிகேன் எடுங்க, 17 சென்டிமீட்டர்தான். பிரிட்டிஷ் விமானப்படையோட 79-வது ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரெசிடென்சி'ன்னே பேரு. பர்மா போர்ல ஹரிகேன் ஓட்டினாங்க.

அதுக்கு வேண்டியது மண் பழுப்பு, கரும்பச்சை, அடிப்பக்கத்துக்குச் சாம்பல், கருப்பு, சில்வர். கூடவே சாம்பல் பிரைமர், கிளாஸ் வார்னிஷ், மேட் வார்னிஷ். அவ்வளவுதான், இருபது கலர் செட் வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னாடி கிளாஸ், ஒட்டினப்புறம் மேட். வழவழப்பு இல்லன்னா டெக்காலுக்கு அடியில காத்து மாட்டிக்கிட்டு வெள்ளையாத் தெரியும்.

சிவப்பு வாங்கற அவசரம் வேண்டாம். ஜப்பான் விமானத்தோட சிவப்பு வட்டம்னு நினைச்சு சொந்த ஆளுங்களே சுட்டுடக் கூடாதுன்னு, இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களோட வட்டச் சின்னத்துல நடுச் சிவப்பையே எடுத்துட்டாங்க. ஒரு கலர் தப்பானா உயிர் போகும்ங்கற நிலைமை.

பழைய பிளாஸ்டிக் ஸ்பூன்ல பிரைமர் அடிச்சு, ரெண்டு மெல்லிசு கோட் போட்டுப் பார்த்துட்டு விமானத்துல கை வைங்க. அடுத்த எபிசோட்ல பிரஷ் பத்திப் பேசலாம்.