வாறுகாலா, வயலா?
மல்லாங்கிணற்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு



அறிவியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே பக்கத்து ஆற்றின் வேதியியலையே பேச எடுத்துக்கொண்டேன். விருதுநகருக்குள் ஓடும் கௌசிகா ஆற்றில் மழைக்காலம் போக மீதி நாளெல்லாம் வருவது வாறுகால் தண்ணீர்தான். அது குல்லூர்சந்தை அணையில் போய்த் தேங்குகிறது. அங்கே ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தச் செடியைக் கொழுக்க வைப்பதில் பெரும்பங்கு மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு.

அந்த மணிச்சத்து எங்கிருந்து வந்தது? நகரத்துக் கழிவிலும் சோப்புத்தூளிலும் இருந்தா? காட்டில் அடியுரமாகப் போட்ட டிஏபியிலிருந்தா? ஆட்டுக்கிடையிலிருந்தா? நகராட்சியைக் கேட்டால் விவசாயியைக் காட்டும், விவசாயியைக் கேட்டால் நகராட்சியைக் காட்டுவார். தண்ணீரையே கேட்க முடியுமா என்பதுதான் ஐசோடோப்பு ஆய்வின் கேள்வி.

இதில் முதல் சிக்கல், பாஸ்பரஸுக்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றே ஒன்று, பாஸ்பரஸ்-31. பாஸ்பரஸ்-32 கதிரியக்கம் உடையது, பதினான்கு நாளில் பாதியாகிவிடும். நைட்ரஜனில் 14, 15 என்று இரண்டு இருப்பதால் ஒப்பிடலாம். இங்கே ஒப்பிட ஆளே இல்லை. ஆனால் தண்ணீரில் பாஸ்பரஸ் தனியாகத் திரிவதில்லை. நான்கு ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு பாஸ்பேட்டாகத்தான் திரிகிறது. ஆக்ஸிஜனில் 16, 18 என்று எடை வேறுபட்டவை உண்டு. சாதாரண வெப்பத்தில், உயிர்கள் தொடாதவரை, பாஸ்பரஸ் தன் ஆக்ஸிஜனை எளிதில் விடாது. மந்தையில் கலந்த பிறகும் சூட்டுக்குறியை வைத்து மாட்டுக்காரர் தன் மாட்டைப் பிரித்து ஓட்டிப்போவதைப் போல, அந்த ஆக்ஸிஜன் விகிதத்தை வைத்துப் பாஸ்பேட்டின் பூர்வீகத்தைத் தேடலாம். நீரிலுள்ள பாஸ்பேட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, வெள்ளி பாஸ்பேட்டாகப் படிய வைத்து, கடும் சூட்டில் கார்பனோடு சேர்த்து வாயுவாக்கி, நிறைமாலைமானியில் எடை பார்ப்பார்கள். எழுதும்போது எளிது, அந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் ஆராய்ச்சி மாணவரின் காலமெல்லாம் கழியும்.

இந்த முறை வெளிநாடுகளில் எதிர்பாராத ஆளைக்கூடத் தேட வைத்திருக்கிறது. ஈயக் குழாய் அரிக்காமலிருக்க பிரிட்டனில் குடிநீரிலேயே பாஸ்பேட் கலக்கிறார்கள். கசியும் குழாய்கள் வழியாக வெளியேறும் அந்தப் பாஸ்பேட்டையும் இந்த முறையால் அடையாளம் காண வழியுண்டு என்று 2015இல் டேரன் குடி குழுவினர் எழுதினார்கள். ஆனால் பிரான்சில் 2005இல் ஜெரார் க்ரூவோ குழு உரத்தையும் கழிவுநீரையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஆளைப் பிரித்துச் சொல்லப் போதாது என்றது. இந்த இரண்டு ஆய்வையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தில் பாஸ்பரஸ் என்றதும் பேச்சு தீப்பெட்டிக்குத்தான் போகும். வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்தியா 1913இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. சிவகாசிக்காரர்கள் கல்கத்தா போய்த் தொழில் பழகி வந்தது அதற்குப் பின்னால். பெட்டியின் பக்கவாட்டில் பூசும் மருந்தில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். அது தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். அதில் ஆக்ஸிஜனும் கிடையாது, ஆக நான் சொன்ன அடையாளமே அதற்கு இல்லை. பட்டாசுப் பகுதியில் நிலத்தடி நீர் பற்றிக் கவலைப்பட வேண்டியது பெர்குளோரேட்டுக்காக. ஆலைகள் உள்ள இடங்களில் அது மற்ற இடங்களைவிட அதிகம் என்று ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். ஆகாயத்தாமரைக்கான பழியைத் தீப்பெட்டி மேல் போட எனக்கு மனமில்லை.

இனி நம் அணைக்கு வருவோம். இங்கேதான் ஐசோடோப்பு முறை தடுமாறும். நுண்ணுயிர் பாஸ்பேட்டை உள்ளே இழுத்து வெளியே விடும்போது பழைய ஆக்ஸிஜன் போய், சுற்றியுள்ள தண்ணீரின் ஆக்ஸிஜன் ஏறிவிடுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் அந்தப் பாஸ்பேட் தண்ணீரைவிட ஆயிரத்துக்குச் சுமார் 21 பங்கு கனத்து நிற்கும். மழைநீரின் ஆக்ஸிஜன்-18 மதிப்பு, இதே ஆயிரத்துக்கு என்ற கணக்கில், கழித்தல் 3 என்று வைத்துக்கொண்டால் பாஸ்பேட் 18 காட்டும். அதே நீர் வைகாசி வெயிலில் ஆவியாகி 5க்கு ஏறினால் பாஸ்பேட் 26 காட்டும். ரசாயன உரத்தின் மதிப்போ பெரும்பாலும் 20ஐ ஒட்டியே இருக்கும். ஒரே வாறுகால் பாஸ்பேட், மாதத்தைப் பொறுத்து, உரத்துக்குக் கீழும் மேலும் தெரியும். கோடையில் அணையில் ஒரு பாட்டில் மொண்டு போய் விவசாயியைக் குற்றவாளி ஆக்கிவிடலாம். கருவியும் அதற்கு ஒத்துழைக்கும்.

எனவே எங்கே மொள்ளுவது, எப்போது மொள்ளுவது என்பதே ஆய்வு. ஐப்பசியில் முதல் வெள்ளம் வரும்போது, நுண்ணுயிர் வேலை முடிப்பதற்குள், ஓடும் நீரில் எடுக்க வேண்டும். ஊருக்கு மேலே ஒன்று, நகரத்து வாறுகால் ஆற்றில் விழும் வாயில் ஒன்று, கரிசல் காட்டிலிருந்து வரும் ஓடையில் ஒன்று, அணைக்குள் நுழையும் இடத்தில் ஒன்று. கூடவே அந்தந்த நீரின் ஆக்ஸிஜன் மதிப்பும் வெப்பமும். நைட்ரேட்டின் ஐசோடோப்பையும் சேர்த்துப் பார்த்தால் சாட்சி வலுக்கும்.

வாறுகால் ஆற்றில் விழுவதை நிறுத்த இதில் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அது கண்ணுக்குத் தெரிகிறது, மூக்குக்கும் தெரிகிறது. சுத்திகரிக்காமல் விடுகிறார்கள் என்பதற்கு நிறைமாலைமானி சான்றிதழ் தேவையில்லை. ஐசோடோப்பு தேவைப்படுவது அதற்குப் பிறகு. கழிவை நிறுத்திய பின்னும் செடி மண்டினால் என்ன சொல்வீர்கள்? அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியை அளந்து 2009இல் எழுதிய எல்ஸ்பெரி குழு, ஆறுகள் கொண்டுவரும் பாஸ்பேட்டை மட்டும் வைத்து ஏரியின் மதிப்பை விளக்க முடியாமல், அடிச்சேற்றையும் சந்தேகித்தது. நம் அணையின் அடியிலும் பல ஆண்டு மணிச்சத்து இரும்போடும் சுண்ணாம்போடும் ஒட்டிக் கிடக்கும். அடித்தண்ணீரில் காற்றோட்டம் அற்றுப்போகும்போது, இரும்போடு ஒட்டியது கழன்று மேலே வரும். அப்போது பாட்டிலில் தண்ணீரை மட்டும் எடுத்தால் போதாது. குழாய் இறக்கிச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்துப் பார்க்க வேண்டும். கரம்பை அள்ள டிராக்டரோடு வரும் விவசாயிக்கும் அந்த அளவு உதவும். சேற்றில் கன உலோகம் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, அந்த மணிச்சத்து காட்டுக்கே திரும்பட்டும். அவர் வாங்கும் டிஏபியில் இரண்டு மூட்டை குறைந்தால் எனக்குச் சம்மதமே.