ஈகையின் அடுத்த படி
(அதியமான்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஈகைக்குப் பெயர்பெற்ற மன்னனின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் அதியமான்கோட்டை. நெடுநாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. 9-ஆம் நூற்றாண்டில், நுளம்ப மன்னன் மகேந்திரனின் காலத்தில், வணிகக் குடும்பத்தார் தகடூரில் சமணப் பள்ளி எழுப்பியதைக் கல்வெட்டு உரைக்கிறது. ஈட்டிய பொருள் ஊருக்குப் பயன்படவேண்டும் என்பது இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஆயினும், பசித்தவருக்கு அளிக்கும் உணவு அன்றைய பசியையே தீர்க்கும். மறுநாள் அவர் தம் உழைப்பால் உண்ண வழி செய்வது ஈகையின் அடுத்த படி. சமுதாய நலனை நோக்கமாகவும் தொழிலைக் கருவியாகவும் கொள்ளும் இம்முயற்சியே சமூகத் தொழில்முனைவு.

மழை குறைந்த தருமபுரி மாவட்டம் ஒரு காலத்தில் பெண்சிசுக் கொலையால் தலைகுனிந்து நின்றது. பெண் சுமையென்று கருதப்பட்ட அதே மாவட்டத்தில்தான், 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ இருபது பெண்கள் ஒரு குழுவாயினர். சிறு தொகையைத் தவறாது சேமித்தனர். தமக்குள் கடன் கொடுத்து வாங்கினர். கணக்கேட்டைத் தாமே பேணினர். ஈடாக வைக்க நிலமோ நகையோ இல்லாத அவர்களுக்கு, ஒருவர்க்கொருவர் கொண்ட நம்பிக்கையையே ஈடாக ஏற்று இந்தியன் வங்கி கடன் வழங்கியது. இங்கு முளைத்த விதையே பின்னர் மகளிர் திட்டமாகத் தமிழகமெங்கும் படர்ந்தது. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் முன்னோடித் திட்டத்தை நாடளவில் மேற்கொண்டது.

இதே மாவட்டத்தின் மலைசூழ்ந்த சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு மற்றொரு சான்று. மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் 1993-இல் அங்கே பழங்குடி மக்களுக்காக ஓலைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கினர். உள்ளூர்ப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றனர். நோயின் வேர் வறுமையில் இருப்பதை உணர்ந்தபின் பணி மருந்தோடு நிற்கவில்லை. உழவர்கள் இயற்கை வேளாண்மைச் சங்கம் அமைத்துச் சிறுதானியங்களைத் தாமே பக்குவப்படுத்தி விற்றனர். மறைந்துகொண்டிருந்த இலம்பாடித் தையற்கலை, முதிய பெண்களின் நினைவிலிருந்து மீண்டும் இளையோர் கைகளுக்கு வந்தது. அப்பெண்கள் தம் அமைப்புக்குச் சூட்டிய பெயர் 'போர்கை'. அவர்கள் மொழியில் அதற்குப் 'பெருமிதம்' என்று பொருள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குழுவென்ற பெயரில் கடனை மட்டும் கொடுத்து, தொழிலையும் சந்தையையும் காட்டாது விட்டால், மகளிர் ஒரு கடனை அடைக்க மறுகடன் வாங்கும் நிலைக்குத் தள்ளப்படுவர். வன்முறையான கடன் வசூலைத் தடுக்க 2025-இல் தமிழக அரசு சட்டம் இயற்ற நேர்ந்ததே இதற்குச் சான்று. கடன் வேறு, ஆற்றல் வேறு.

வணிகமும் வேளாண்மையும் அறிந்த சமணக் குடும்பங்கள் இங்கே செய்யத்தக்கது மிகுதி. கணக்கெழுதக் கற்பித்தல், தரம் காத்தல், நேர்மையான விலைக்குச் சந்தை காட்டல், குழுக்களின் பொருள்களை விழாக்களில் முதலில் வாங்குதல் ஆகியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. பெறுபவர் கை ஒருநாள் ஈயும் கையாக மாறுமானால், அதுவே ஈகையின் நிறைவு.

அறம் வளர்க!