உயிலும் தெளிந்த தமிழும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



எழுத்தில் எளிமையும் தெளிவும் வேண்டும் என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச முன்வந்தோம். இது புலவர்க்குரிய விஷயம், நமக்கு இதனால் ஆவதென்ன என்று எவரும் எண்ணற்க. கவிஞன் ஒருவன் கடினமாய் எழுதினால் படிப்பவனுக்குப் பொழுது நஷ்டம், அவ்வளவே. குடும்பத்தலைவன் ஒருவன் தன் உயிலை விளங்காதபடி எழுதிவைத்தாலோ, அவன் மக்களுக்குக் காணி நஷ்டம், மனை நஷ்டம், உடன்பிறந்தார் உறவும் நஷ்டம். ஆதலின் உயிலையே நாம் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

நம்மவர் வீடுகளில் உயில் எழுதப்படும் முறை யாவரும் அறிந்ததே. பத்திரம் எழுதுவோரிடம் சொத்து விவரத்தைச் சொல்லுகிறோம். அவர் பழைய தஸ்தாவேஜு ஒன்றை முன்வைத்துக்கொண்டு, 'சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்றும், 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்றும், 'தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்றும் பக்கங்களை நிரப்புகிறார். எழுதுவிப்பவரோ அச்சொற்களின் முழக்கத்தைக் கேட்டுக் காரியம் பலமாய் முடிந்ததென்று கையொப்பமிடுகிறார். பொருள் கேட்க நாணுகிறார். அப்பொருளைப் பற்றி வழக்கு எழும் நாளில், விளக்கம் சொல்ல அவர் உயிரோடிருப்பதில்லை.

சட்டமாவது இந்த ஆடம்பரத்தை விரும்புகிறதா எனின், இல்லை. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 74வது பிரிவு, உயிலில் சட்டத்துக்குரிய தனிச் சொற்கள் வேண்டுவதில்லை, எழுதினவரின் கருத்து அறியப்படும்படி வாசகம் இருந்தால் போதும் என்று விதிக்கிறது. அதே சட்டத்தின் 89வது பிரிவோ, திட்டமான கருத்து எதையும் புலப்படுத்தாத உயிலும் கொடையும் செல்லா என்கிறது. ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு ஷரத்துக்கள் இருப்பின், பிந்தியதே நிற்கும் என்பது 88வது பிரிவு. ஆகவே, அழகுக்காகப் பழைய பத்திரத்திலிருந்து கடைசியில் ஒட்டிய ஒரு வாக்கியம், முதலில் மனமாரக் கொடுத்ததைப் பறித்துவிடவும் கூடும்.

குழப்பம் பெரிய சொற்களால் மட்டும் விளைவதன்று. 'என் பிள்ளைகள் சமமாய் அடையவேண்டியது' என்று ஒருவர் எழுதுகிறார். பிள்ளைகள் என்பது சிலர் வழக்கில் ஆண்மக்களை மட்டும் குறிக்கும். சிலர் வழக்கில் பெண்மக்களையும் சேர்த்துக் குறிக்கும். பெண்கள் கதி என்ன? நான்கு பேரைச் சொல்லிய பின்னர் 'மேற்படியார்' என்று எழுதுகிறார். அந்நால்வருள் எவர்? 'என் மனைவி அனுபவித்து வரவேண்டியது' என்கிறார். ஆயுள் வரையிலா, விற்கும் உரிமையோடா? 1956ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டத்தின் 14வது பிரிவு ஸ்திரீகளின் சொத்துக்கு முழு உரிமை அளித்திருப்பினும், உயிலின் வாயிலாக ஓர் உரிமையை வரையறுத்துக் கொடுப்பதற்கும் அங்கே இடமுண்டு. ஒரு விதவையின் பிற்காலம் முழுதும் இத்தகைய ஒரு சொல்லில் தொங்குவதை எண்ணிப் பாருங்கள். பெயர்களையும், 'ஆண்மக்களும் பெண்மக்களும்' என்பதையும், 'விற்கவும் உரிமையுண்டு' அல்லது 'இல்லை' என்பதையும் எழுத எவ்வளவு மை செலவாகும்?

எளிய நடை கௌரவத்துக்குக் குறைவென்று சிலர் ஆக்ஷேபிப்பர். எளிமை வேறு, கொச்சை வேறு. மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை அவர்கள் (1826–1889) நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தமிழில் பெயர்த்து 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார்; தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வசன நடையில் அளித்தார். சட்டம் கற்றவர் மக்களுக்கு விளங்கும் தமிழை நாடியதால் அவர் கௌரவம் குறைந்ததா? வளர்ந்ததன்றோ! எளிமை என்பது சுருக்கமும் அன்று. சர்வே எண், நான்கெல்லை, அளவு ஆகியவற்றை விடுதல் தெளிவாகாது. அவசியமானவற்றை விடாமலும், அவசியமற்றவற்றைச் சேர்க்காமலும் எழுதுதலே தெளிவாகும்.

ஆகையால், சங்கத்தாருக்கு நாம் விண்ணப்பிப்பது யாதெனில்: முதலில் உங்கள் கருத்தை வீட்டில் பேசும் தமிழிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர் வக்கீலிடம் காட்டித் திருத்துங்கள். திருத்தியதை உரக்கப் படிக்கச் செய்து, விளங்காத சொல் ஒவ்வொன்றுக்கும் பொருள் கேளுங்கள், நாணவேண்டாம். குடும்பத்தைச் சேராத ஒருவர் அதை ஒருமுறை கேட்டு, யாருக்கு எது என்று பிழையின்றித் திருப்பிச் சொல்லக்கூடுமாயின் அதுவே நல்ல உயில். அதன் பின்னரே, 63வது பிரிவு கூறுகிறபடி, இரண்டு பேருக்குக் குறையாத சாட்சிகளோடு கையொப்பமிடுங்கள். பதிவு செய்தல் கட்டாயமன்றாயினும் நலமே.

தேடிய பொருளைப் பகிர்ந்து கொடுக்க ஆயுள் முழுதும் உழைத்த நாம், அதைச் சொல்லும் சொல்லுக்கு ஒருநாள் உழைக்கலாகாதா? நம் மக்கள் நீதிமன்றப் படிகளில் அன்றி, நம் வீட்டுத் திண்ணையில் ஒன்றாய் அமர்ந்திருக்க அவ்வுழைப்பே வழிசெய்யும்.