செவ்வாயில் சிக்கிய சாவி



கணக்காளனுக்கு ரோபோக்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைப்பீர்கள். நான் வர்த்தகம் படித்தவன். மென்பொருளில் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனால் ரோபோவுக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகள் தங்களுக்குள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. நான் பார்க்க உட்கார்ந்தால் பிழை வரவே மாட்டேன் என்கிறது." கணக்குத் தணிக்கை செய்கிறவர்களின் புலம்பலும் அச்சொட்டாக இதுதான்.

கணக்கு மென்பொருள் ஒரு நொடி தாமதித்தால் யாருக்கும் நட்டமில்லை. ரோபோ அப்படியல்ல. சக்கரம், கமரா, கை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யவேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் ரோபோ, நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு முன் எடுத்த படத்தை இப்போதைய படம் என்று நம்பினால், எதிரே உள்ள சுவர் தான் நினைத்ததைவிடப் பத்துச் சென்ரிமீட்டர் கிட்ட இருக்கும். ஜூன் மாதப் பற்றுச்சீட்டை ஜூலையில் பதிந்தால் நிதியாண்டுக் கணக்கு என்ன ஆகும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதேதான் இது. தொகை சரி, திகதி பிழை.

இந்த நேரப் பிரச்சினைக்கு மிகப் பேர்போன உதாரணம் பூமியில் நடக்கவில்லை. 1997 ஜூலை 4ஆம் திகதி நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் சோஜர்னர் என்ற சிறு ஊர்தியுடன் செவ்வாயில் இறங்கியது. படங்கள் வந்தன, உலகமே மகிழ்ந்தது. சில நாட்களில், தரையிறங்கிய கலத்தின் கணினி தானாகவே நின்று மறுபடி தொடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதி வேலை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது.

நடந்ததை ஒரு அலுவலகமாக நினைத்துப் பாருங்கள். அலுமாரிச் சாவி ஒன்றுதான். கடைநிலை எழுதுவினைஞர் ஒருவர் அதை வாங்கி அலுமாரியைத் திறந்திருக்கிறார். அதே சாவி மேலாளருக்கும் வேண்டும், அவர் காத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து நடுத்தர அதிகாரி ஒருவர் வந்து, "அதை விடு, முதலில் என் வேலையைப் பார்" என்று எழுதுவினைஞரை மறித்துவிடுகிறார். எழுதுவினைஞரால் வேலையை முடிக்க முடியாது. சாவி திரும்பி வராது. எல்லோருக்கும் மேலான மேலாளர், இடையில் உள்ளவருக்காகக் காத்து நிற்கிறார். கலத்தில் அந்த எழுதுவினைஞர், வானிலைத் தகவல் சேகரிக்கும் நிரல். மேலாளர், கலத்தின் உள் தகவல் போக்குவரத்தைக் கவனிக்கும் நிரல். மேலாளர் குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்காததைக் கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ பெரிய கோளாறு என்று எண்ணி முழுக் கணினியையும் நிறுத்தித் திரும்பத் தொடக்கியது.

கலிஃபோர்னியாவில் இருந்த பொறியியலாளர்கள் அதே கணினியின் இரட்டையைத் தங்கள் ஆய்வுகூடத்தில் ஓடவிட்டு, பிழை மறுபடி வரும்வரை காத்திருந்து பிடித்தார்கள். மருந்து சிறியது. சாவி கையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எழுதுவினைஞருக்கு மேலாளரின் தகுதியைக் கொடுக்கவேண்டும். அந்த வசதி மென்பொருளில் ஏற்கனவே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்தே அதை இயக்கிவிட்டார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொரு செய்தி. ஏவுவதற்கு முன்பே இந்தக் கோளாறு சோதனையில் தலைகாட்டியிருந்தது. தேடப் போனபோது திரும்ப வரவில்லை. அவர்கள் அதை அற்பமென்று ஒதுக்கவில்லை. ஆனால் தரையிறங்கும் வேலைதான் உயிர்நாடி, நேரமோ குறைவு. அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களைக் காப்பாற்றியது, கணினி உள்ளே என்ன செய்கிறது என்று பதியும் வசதியைக் கழற்றாமல் கலத்தோடேயே அனுப்பியிருந்ததுதான்.

ஏழு வருடம் கழித்து நடந்த கதையில் எங்கள் அவுஸ்திரேலியாவும் வருகிறது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் என்ற ரோபோ ஊர்தி, பதினெட்டாம் நாள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது. கன்பராவுக்குப் பக்கத்தில், திட்பின்பில்லாவில் உள்ள பெரிய அலைவாங்கி அன்று அதன் தொடர்பில் இருந்தது. அங்கே இடிமழை. ஆகவே முதலில் பழி எங்கள் வானிலைமேல் விழுந்தது!

உண்மையில் கோளாறு ஊர்தியின் பதிவேட்டில். கோப்புகளை அழித்தாலும், அவை இருந்த வரிகள் பட்டியலிலிருந்து போகவில்லை; பட்டியல் வளர்ந்துகொண்டே போனது. ஊர்தி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் அந்தப் பட்டியலை நினைவகத்தில் விரிக்கவேண்டும். ஒருநாள் மேசை போதவில்லை. கணினி நின்றது, திரும்பத் தொடங்கியது, மறுபடி அதே பட்டியலை விரித்தது, மறுபடி நின்றது. அறுபது முறைக்கு மேல் இப்படி. இரவில் தூங்கவும் முடியாமல் மின்கலம் கரைந்துகொண்டிருந்தது. பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச்சேரவே பத்து நிமிடமளவில் ஆகும். "பதிவேட்டைத் தொடாமல் எழும்பு" என்ற கட்டளையை அனுப்பித்தான் ஊர்தியை மீட்டார்கள். பிறகு கோப்புகளை அழித்து, பெப்ரவரி தொடக்கத்தில் சேமிப்பகம் முழுவதையும் புதிதாக அமைத்தார்கள். தொண்ணூறு செவ்வாய் நாட்களுக்கென்று கட்டிய ஊர்தி 2010 மார்ச் வரை பேசியது.

இன்று வீட்டில் ரோபோ செய்து பழகும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கதைகளையும் சொல்லுங்கள். "பிழையைக் காணவில்லை, சரியாகிவிட்டது" என்று அவர்கள் சொன்னால், பதிவு எங்கே என்று கேளுங்கள். நான் அலுவலகத்தில் கேட்பதும் அதுதான்; அதனால் எனக்கு அங்கே நல்ல பெயர் கிடையாது.

பாடசாலை விடுமுறையில் கன்பராப் பக்கம் போகிறவர்கள் திட்பின்பில்லாவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பார்வையாளர் நிலையம் உண்டு. திறந்திருக்கும் நேரத்தை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள்.