ஞாபக சக்தி டப்பாவும் அம்மாவின் மறதியும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் குழுக்களின் தீர்மான நோட்டுகளைப் பார்த்துக்கிட்டு வந்தேன். மூன்று குழுக்களில் ஒரே மாதிரி உள்கடன் மனு இருந்தது. "ஞாபக சக்தி பவுடர் வாங்க" என்று எழுதியிருந்தது. இரண்டு மனு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, ஒன்று மாமியாருக்காக. வாராவாரம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி நாம் சேர்த்த பணம் இது. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வேண்டியிருக்கு. உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நானும் அந்த மாதிரி டப்பா வாங்கினவள்தான்.

எங்க அம்மாவுக்கு அறுபத்தி மூணு வயசு. அடுப்பில் பாலை வச்சிட்டு மறந்துடுவாங்க. சொன்னதையே சொல்லுவாங்க. "அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிட்டோம். சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, மூளைக்கு நல்லதுன்னு ஒரு டப்பா 1,450 ரூபாய் என்றார். நாலு டப்பா வாங்கினேன். படிச்ச பொண்ணு, டப்பாவின் பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு திருப்பிப் பார்க்கவில்லை. அதில் பாதி சர்க்கரை. அம்மா சர்க்கரை நோயாளி! மறதி குறையலை, சர்க்கரைதான் ஏறிச்சு.

பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே டாக்டரம்மா பழைய மருந்துச் சீட்டைப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மெட்ஃபார்மின் எத்தனை வருஷமா சாப்பிடறீங்க? பாதம் மதமதன்னு இருக்கா?" எட்டு வருஷம். பாதமும் மரத்துத்தான் இருந்தது, எங்ககிட்ட சொல்லவே இல்லை. அந்த மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவங்களில் சிலருக்கு பி12 என்கிற சத்து உடம்பில் குறையும். வயசானவங்களுக்கும், முட்டை, பால், மீன், கறி எதுவும் சேர்க்காதவங்களுக்கும் குறையலாம். நரம்புக்கும் மூளைக்கும் அது வேணும். ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்கு ரொம்பக் குறைவு என்று தெரிஞ்சது. ஊசி போட்டாங்க. நாலு மாசத்தில் பாதத்து மரப்பு குறைஞ்சது, பேச்சில் தெளிவு வந்தது. மறதி முழுசாப் போகலை, பாதி போச்சு. ஒன்று சொல்லிடறேன்: இதைக் கேட்டுட்டு யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட கேளுங்க, அவ்வளவுதான்.

அப்போ சத்து மாத்திரை வேலை செய்யுதா, செய்யலையா? குறை இருக்கிற இடத்தில் செய்யும். கர்ப்பம் தரிக்கும் முன்னாடியும் தரிச்ச முதல் மாதங்களிலும் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால், பிள்ளைக்கு மூளை, முதுகுத்தண்டுக் குறைபாடு வருவது பெரிதும் குறையும். அயோடின் உப்பும் அப்படித்தான். குறையே இல்லாதவங்களுக்கு டப்பா டப்பாவாகக் கொடுத்தால் புத்தி கூடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அமெரிக்காவில் 75 வயசும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை வச்சு, ஜின்கோ என்கிற இலைச் சாற்று மாத்திரையை ஆறு வருஷம் போலக் கொடுத்துப் பார்த்தாங்க. 2008-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் மறதி நோய் வருவதில் வித்தியாசமே இல்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனமும், மறதி நோயைத் தடுக்க பி வைட்டமின், ஈ வைட்டமின், மீன் எண்ணெய் வகை மாத்திரைகளைச் சிபாரிசு செய்ய முடியாது என்று சொல்லிடுச்சு. அதே அறிக்கை, உடம்பை அசைச்சு வேலை கொடுங்க என்று சொல்லுது.

நடைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? புது விஷயங்களை நினைவில் பதிக்க மூளைக்குள் ஒரு சின்னப் பகுதி இருக்கு, ஹிப்போகேம்பஸ் என்பார்கள். வயசாக ஆகச் சுருங்கும். 2011-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 55 முதல் 80 வயசு வரையுள்ள 120 பேரில் பாதிப் பேர் வாரம் மூணு நாள் 40 நிமிஷம் நடந்தாங்க. ஒரு வருஷத்தில் அவங்களுக்கு அந்தப் பகுதி 2 சதவீதம் போல வளர்ந்திருந்தது. கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செஞ்சவங்களுக்குச் சுருங்கியிருந்தது. ஆனால் ஞாபகப் பரிசோதனையில் இரண்டு பக்கமுமே கொஞ்சம் தேறினாங்க. அதனால் நடந்தால் மறதியே வராதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

இதைப் போன வாரம் ஒரு குழுவில் சொன்னப்போ ஒரு அக்கா சிரிச்சாங்க. "களை எடுத்து, தண்ணி தூக்கி, விறகு சுமந்து வரேன், என்னை வேற நடக்கச் சொல்றியா கண்ணு?" நியாயமான கேள்வி. அந்த அக்கா நடக்க வேண்டாம், உட்காரட்டும்! வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடாமல், சூடா வயிறாரச் சாப்பிடட்டும். நான் சொல்றது நாள் முழுக்கத் தையல் மெஷினிலும் பீடி முறத்துக்கு முன்னாடியும் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும், "நீங்க சும்மா இருங்க"ன்னு நாம் திண்ணையில் உட்கார வச்சிட்ட பெரியவங்களுக்கும்தான். எங்க அம்மா இப்போ பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு குளத்தங்கரை வரைக்கும் போயிட்டு வராங்க. ஊர்க்கதை எல்லாம் பேசிக்கிட்டே நடக்கிறாங்க. பேச்சும் மூளைக்கு வேலைதானே.

பிள்ளைகள் விஷயத்துக்கு வரேன். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைஞ்ச பொண்ணு புத்தகத்தைத் திறந்ததும் சோர்ந்து போவாள், படிச்சது மனசில் நிற்காது. அவளை "சோம்பேறி"ன்னு திட்டறோம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு முறை இரும்புச்சத்து மாத்திரை இலவசமாத் தராங்க. வயித்தைப் புரட்டுதுன்னு பிள்ளைகள் தூக்கிப் போட்டுடுது. சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்க. மலம் கறுப்பாப் போனால் பயப்பட வேண்டாம். சாப்பாட்டோடு டீ குடிக்க வேண்டாம், அது இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. வல்லாரைக் கீரை கிடைச்சால் தாராளமாச் செஞ்சு கொடுங்க, நல்ல கீரை. பரீட்சையில் பாஸ் பண்ணப் படிக்கத்தான் வேணும்.

அந்த மூன்று மனுக்களைத் தள்ளுங்க என்று நான் சொல்ல முடியாது, முடிவு குழுவுடையது. மாமியாருக்காகக் கேட்ட அக்கா மட்டும், அவங்க சாப்பிடற மாத்திரைச் சீட்டை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கிட்டு வர்ற செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க. நானும் வரேன். டப்பா ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கிறவங்க இப்போ கொண்டு வாங்க, பின்பக்கத்தைச் சேர்ந்து படிச்சுப் பார்க்கலாம்.