சொல்லும் செயலும்



ஏலூரில் வாழும் நமக்கு மட்டாஞ்சேரி தொலைவன்று. விருந்தினர் வந்தால் யூதத் தெருவுக்கு அழைத்துச் செல்கிறோம். 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தில் நீலவண்ணச் சீன ஓடுகளைக் காட்டி மகிழ்கிறோம். அந்த ஓடுகளைக் கண்ட கண்கள் அக்கூடத்தின் படிகளையும் காணவேண்டும். அங்கே ஓர் அறப்போர் நடந்தது.

யூதர்கள் ஆண்டுதோறும் பஸ்கா திருநாளன்று, தம் முன்னோர் எகிப்தில் அடிமைகளாய் உழன்று விடுதலை பெற்ற வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பர். தாம் பட்ட துன்பத்தை நினைந்து அந்நியரை ஒடுக்காதிருத்தல் அவர்தம் வேதம் விதித்த அறம். ஆயினும் அதே கூடத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் எனப்பட்ட யூதர்க்கு இருக்கைகளில் அமர உரிமையில்லை, வேதம் ஓத அழைக்கப்படும் பேறில்லை, மணவுறவும் இல்லை. வேதம் ஒன்றாயினும் பந்தி வேறாயிற்று.

அம்மரபில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சலேம். வழக்கறிஞராகவும் கொச்சிச் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கியவர். 1929இல் லாகூர்க் காங்கிரசுக்குச் சென்று வந்தவர். நாட்டு விடுதலைக்கு ஏந்திய சத்தியாக்கிரகத்தையே அவர் தம் தொழுகைக்கூடத்திலும் ஏந்தினார். வேறு கூடம் கட்டிப் பிரிந்து போகவில்லை. தம்மவர் ஓதும் வேதத்தையே அவர்கள்முன் கண்ணாடியாய்ப் பிடித்தார். தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. 1950இல் அவர் மகனே, முன்பு ஒதுக்கிவைத்த பிரிவிலிருந்து பெண்ணெடுத்தார். 1967இல் மறைந்த சலேமை 'யூத காந்தி' என்று உலகம் போற்றுகிறது.

இக்கதை யூதரைப் பழிப்பதற்கன்று. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கவே போராட நேர்ந்ததை நாம் மறக்கலாமா? சொல்லுக்கும் செயலுக்கும் இடையேயுள்ள தொலைவை வள்ளுவரும் அளந்து காட்டினாரல்லவா?

பிழைப்பை நாடி இங்கு வந்த நாம், பிறப்பால் உயர்வு தாழ்வில்லை என்று பிள்ளைகளுக்குக் குறள் கற்பிக்கிறோம். மேடையில் ஒப்பித்தால் பரிசும் தருகிறோம். நம் தெருவைக் கூட்டுபவர்க்கு நம் பந்தியில் எந்த இடம் தருகிறோம்? நம் வீட்டில் பணிபுரியும் அம்மையாருக்குத் தனிக்குவளை வைக்கிறோமா? பிள்ளைகள் நம் வாயை விட நம் கையையே உற்று நோக்குகின்றனர்.

மட்டாஞ்சேரிக்கு அடுத்த முறை செல்லும்போது, பிள்ளைகளுக்கு ஓடுகளோடு இந்த வரலாற்றையும் காட்டுவோம். அதற்குமுன் நம் வீட்டுப் படிகளைப் பார்ப்போம்.