இழை அறுந்த இடத்தில்



ஆரணிக்காரர்களுக்குக் காலத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவு நூலை நீட்டி வேலையை முடித்துவிட வேண்டும் என்பது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐப்பசி அடைமழை பிடித்தால் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும், அதற்கு முன்பே புடவையை அறுத்துவிட வேண்டும் என்பதும் தெரியும். நெய்துகொண்டிருக்கும்போது பாவில் ஒரே ஒரு இழை அறுகிறது. என்ன செய்கிறோம்? நாடாவை நிறுத்துகிறோம். அறுந்த நுனியைத் தேடி எடுத்து, விழுதிலும் அச்சிலும் கோத்து, முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த மிதி. 'ஒரு இழைதானே, முந்தி முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்ன நெசவாளியை நான் இந்த ஊரில் கண்டதில்லை. அப்படி விட்டால் அந்த இடத்திலிருந்து புடவையின் நீளத்துக்கும் ஒரு கோடு ஓடும். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மாத்திரத்தில் கூலியில் பிடித்தம் விழும்.

அதே நாம்தான், ஆண்டவர் காரியம் என்று வரும்போது வேறு ஆளாகிவிடுகிறோம். வேதம் படிக்க வேண்டும், பார்க்கலாம். குடும்ப ஜெபத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும், பெரியவளைக் கட்டிக்கொடுத்த பிறகு. குடியை விட வேண்டும், இந்தத் தை மாதத்துக் கல்யாண ஆர்டர் முடியட்டும். வாங்கிய முன்பணம் அடையட்டும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்கு வருகிறேன். நம்மில் யாரும் கிறிஸ்துவிடம் 'மாட்டேன்' என்று சொன்னவர்கள் இல்லை. 'மாட்டேன்' என்று சொன்னவனுக்கு மனசாட்சி உறுத்தும், என்றைக்காவது திரும்புவான். 'பிறகு' என்று சொன்னவனுக்கு உறுத்தலே இல்லை. சம்மதித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறான். எனக்குப் பயமெல்லாம் அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான்.

வேதத்தில் தறி உண்டு என்பதை நம் ஊரார் கவனித்திருப்பீர்கள். யோபு துன்பத்தில் கிடந்து தன் நாட்களுக்கு ஓர் உவமை தேடினபோது அவன் கைக்கு அகப்பட்டது நெசவுக்காரனின் நாடா. அதன் வேகத்தைச் சொல்லத்தான் அவன் அதை எடுத்தான். நாடாவுக்குள் நூல் சுற்றியிருக்கும் தாரையும் நான் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாடா பறக்கும்போது தாரில் இன்னும் எத்தனை முழம் நூல் இருக்கிறது என்று யாரால் கணக்காகச் சொல்ல முடியும்? ஓடிக்கொண்டே இருக்கும், ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று தீரும். எசேக்கியா ராஜாவும் தறியைத்தான் நினைத்தான். மரண வியாதியில் படுத்தபோது, நெய்கிறவன் துணியைத் தறியிலிருந்து அறுத்துவிடுவதைப் போலத் தன் உயிர் அறுபடுவதாகப் புலம்பினான். இருபத்தைந்து வயதில் பட்டத்துக்கு வந்தான், இருபத்தொன்பது ஆண்டு ஆண்டான், அதில் கடைசிப் பதினைந்து ஆண்டு ஜெபத்தால் கூட்டிக் கொடுக்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், படுக்கையில் விழுந்தபோது அவனுக்கு நாற்பது வயது நிரம்பவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளில் பேலிக்ஸ் என்று ஒரு ரோமத் தேசாதிபதி வருகிறான். செசரியாவில் பவுலைக் காவலில் வைத்திருந்தவன். மனைவி துருசில்லாளோடு உட்கார்ந்து பவுலை வரவழைத்துக் கேட்டான். நீதியைக் குறித்தும் இச்சையடக்கத்தைக் குறித்தும் வரப்போகும் நியாயத்தீர்ப்பைக் குறித்தும் பவுல் பேசப் பேச, அதிகாரத்தில் இருந்தவனுக்கே நடுக்கம் கண்டது. அந்த இடத்தில் அவனுடைய பாவில் ஓர் இழை அறுந்தது என்று நான் சொல்வேன். அப்போதே அவன் நிறுத்தியிருக்க வேண்டும். அவனோ, இப்போது போ, சமயம் வாய்க்கும்போது கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டான்.

இதோடு கதை முடிந்திருந்தால் பரவாயில்லை. அதன் பிறகு பேலிக்ஸ் பவுலை அடிக்கடி கூப்பிட்டான்! பணம் கிடைக்குமா என்று பார்த்தான், உட்கார்ந்து பேசினான், கேட்டான். இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் அவன் இன்னொரு முறை நடுங்கினதாக வேதத்தில் ஓர் எழுத்தும் இல்லை. பிறகு பெஸ்து அந்தப் பதவிக்கு வந்தான், பேலிக்ஸ் போனான், பவுல் காவலிலேயே கிடந்தார். ஒருமுறை தள்ளிவிட்ட சத்தியத்தை எத்தனை முறை பக்கத்தில் வைத்துக் கேட்டாலும் காதுக்குப் பழகிப்போகும். வாரம் தவறாமல் பிரசங்கம் கேட்கிற நமக்கு இதைவிடப் பெரிய எச்சரிப்பு வேண்டாம்.

'ஐயா, பேச உனக்குச் சுலபம், கூலிக்கு நெய்கிறவனுக்கு ஏது நேரம்?' என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. காலையில் குழியில் இறங்கி இருட்டும்வரை மிதிக்கிறவனைப் பார்த்து 'உனக்கு அக்கறை இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிச் சொல்கிறவர்கள் ஒருநாள் அந்தக் குழியில் கால் விட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆனால், அண்ணே, ஆண்டவர் உங்களிடம் இல்லாத நேரத்தையா கேட்கிறார்? அவரே தச்சுப் பட்டறையில் வேலை செய்தவர். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு உட்கார்ந்து கூடாரம் பண்ணிக் கைப்பாடுபட்டுப் பிழைத்தவர். பிலிப்பியில் முதலில் விசுவாசித்த லீதியாள் நம் தொழிலுக்குப் பங்காளி; இரத்தாம்பரம் விற்ற துணி வியாபாரி. ஓய்வுநாளில் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடிய பெண்களோடு இருந்தாள். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கமண்டல நாகநதிக் கரைதான் கண்ணில் வரும். அவளுக்கும் சரக்கு இருந்திருக்கும், வரவேண்டிய பாக்கி இருந்திருக்கும். சரக்குத் தீரட்டும் என்று அவள் சொல்லவில்லை. இருதயம் திறந்தது, வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றாள், பவுலையும் கூட இருந்தவர்களையும் வருந்தி அழைத்துத் தன் வீட்டில் தங்கவைத்தாள். அதற்காக அவள் வியாபாரத்தை மூடினதாகவும் எழுதியிருக்கவில்லை.

நண்பர்களே, இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய கவலை அல்ல. வள்ளுவரும் அறத்தைப் பிற்காலத்துக்கு ஒத்திவைக்காதே என்றுதான் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் சொல்லிப்போனார்.

நம் பக்கத்து மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆற்காடு மிஷனை 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் மூவர் தொடங்கினார்கள். நம் ஆரணியும் அந்த மிஷன் ஊழியம் செய்த ஊர்களில் ஒன்று. அந்தச் சகோதரர்களின் தம்பி மகள் ஐடா ஸ்கடர், 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். சிறு வயதில் தாதுவருஷப் பஞ்சத்தில் பசித்த குழந்தைகளைப் பார்த்தவர். பார்த்ததனாலேயோ என்னவோ, இந்த ஊழிய வாழ்க்கை தனக்கு வேண்டாம் என்று உறுதியாக இருந்தார். அமெரிக்காவில் படித்தார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார், வந்த வேலை முடிந்ததும் திரும்பிவிடுவது என்ற எண்ணத்தோடு.

1890-களின் தொடக்கத்தில் அந்தத் திண்டிவனத்து வீட்டில் ஓர் இரவு. ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவம் கடினமாக இருக்கிறது, நீங்கள் வரவேண்டும் என்றார். நான் மருத்துவர் இல்லை, என் அப்பாதான் மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் என் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் திரும்பிப் போய்விட்டார். அதே இரவில் ஒரு முஸ்லிம் பெரியவர் வந்தார்; அதே வேண்டுதல், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னோர் இந்து. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

அன்று காலையே ஐடா தாய் தந்தையிடம் போய், அமெரிக்கா போகிறேன், மருத்துவம் படித்துவிட்டு இந்தப் பெண்களுக்காகத் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டார். இதில் என்னைத் தொடுவது 'அன்று காலையே' என்பதுதான். அந்தத் துக்கம் எல்லோருக்கும் வரும். ஒரு வாரம் சாப்பாடு இறங்காது, ஒரு மாதம் கண்ணீர் வரும், பிறகு மனம் ஆறிவிடும். ஆறுகிறவரைக்கும் அவர் காத்திருந்திருந்தால், நல்ல மனமுள்ள ஒரு பெண்மணியாக அமெரிக்காவில் வாழ்ந்து முடித்திருப்பார்.

அன்று காலை அவர் மருத்துவராகிவிடவில்லை என்பதையும் பாருங்கள். கார்னெலில் பட்டம் வாங்கியது 1899-இல். 1900 ஜனவரியில் இந்தியா திரும்பினார். எந்தத் தந்தையிடம் தொழில் பழகலாம் என்று நம்பி வந்தாரோ அந்தத் தந்தை அதே ஆண்டில் காலமானார். வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் வந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல் வந்தது. அவை வளர்ந்ததுதான் நாம் ஆரணியிலிருந்து வேலூர் பஸ் ஏறிப் போய் நிற்கிற சி.எம்.சி. மருத்துவமனை. திண்டிவனத்து இரவுக்கும் இதற்கும் நடுவே எத்தனை வருஷம்! தாமதம் வேறு, தள்ளிப்போடுதல் வேறு. பட்டுப் புடவையை ஒரே நாளில் நெய்ய முடியாது, நெய்யச் சொல்லி ஆண்டவர் அவசரப்படுத்துவதும் இல்லை. ஆனால் பாவு தறியில் ஏறியிருக்க வேண்டும். ஒரு விரற்கடை நெய்திருந்தாலும் அது புடவைதான். பீரோவுக்குள் இருக்கும் பட்டு, எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், நூல்தான்.

என் வீட்டுக் கதையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே கூடத்தில் இரண்டு தறி போட்டு நெய்தவர்கள். பாகம் பிரித்தபோது அந்தக் கூடம் யாருக்கு என்பதில் வார்த்தை தடித்தது. ஒன்பது வருஷம் பேச்சில்லை. காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று கிறிஸ்து சொன்னது அப்பாவுக்குத் தெரியாததல்ல. திருவிருந்து ஞாயிறு வந்தால் அவர் எழுந்து போகாமல் பெஞ்சிலேயே தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். 'கிறிஸ்துமஸுக்குப் போய்ப் பார்த்துவிடுகிறேன்' என்பார் அம்மாவிடம். ஒன்பது கிறிஸ்துமஸ் போனது.

ஓர் ஐப்பசியில் பெரியப்பா காய்ச்சலில் போய்விட்டார். அடக்கம் முடிந்து பார்த்தால் அவர் தறியில் பாதிப் புடவை நிற்கிறது. பட்டு முதலாளியுடையது, அறுத்துக் கொடுத்தாக வேண்டும். அப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அந்தக் குழியில் இறங்கி உட்கார்ந்தார். எட்டு நாள் நெய்து முடித்து, கூலியைப் பெரியம்மா கையில் கொடுத்தார். ஆளுக்கு ஆள் ஊடையை அடிக்கிற அடி மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். புடவையை விரித்துப் பிடித்தபோது அண்ணன் அடி எங்கே முடிந்தது, தம்பி அடி எங்கே தொடங்கியது என்று தெளிவாகத் தெரிந்தது. அப்பா அந்த இடத்தைக் கையால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். ஒன்பது வருஷத்தில் அந்த அண்ணன் தம்பி சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான், அதுவும் ஒருவர் போன பிறகு.

அந்தப் பெரியப்பாவின் மகன், என் அண்ணன், இதே ஊரில் கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். போன பொங்கலன்று எனக்கும் அவருக்கும் ஒரு பேச்சு வந்து நின்றுவிட்டது. தப்பு என்னுடையது. இன்று மேடையில் என்ன பேசுவது என்று எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அவர் முகம்தான் வந்தது. அவர் வீட்டில் ஒன்பது மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள். இப்போது மணி எட்டே கால். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும், நன்றியுரை முடியும்வரை என்னால் இருக்க முடியாது.